விளம்பரத்தில் பதிவு இலக்கத்தையும் போடச் சொல்லுங்கள்: பழைய ஸ்கோடா வி.ஆர்.எஸ் எஸ்ரேற் கார் வாங்குவது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சிறு விளம்பரப் பக்கத்தில் கார் விற்பவர்கள் எழுதும் வரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. "ஸ்கோடா ஒக்ராவியா வி.ஆர்.எஸ் எஸ்ரேற், நல்ல நிலை, முழு சேர்விஸ் பதிவு, குடும்பக் கார், ஊருக்குப் போவதால் அவசர விற்பனை." அதற்குக் கீழே ஒரு தொலைபேசி இலக்கம். வாங்குபவருக்கு உண்மையில் உதவுகிற ஒன்று மட்டும் இருப்பதில்லை. அது காரின் பதிவு இலக்கம். பதிவு இலக்கம் இல்லாத வாகன விளம்பரத்தை இனி ஏற்பதில்லை என்று நீங்கள் ஒரு விதி வைக்கலாம். தெருவில் போகிற எவரும் இலக்கத் தகட்டைப் பார்க்கிறார்கள். அதை மறைத்து விற்பவருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. வாங்குபவருக்கோ அந்த ஏழு எழுத்து இல்லாவிட்டால் காரைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இந்தக் காரைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. லண்டனில் கடை நடத்தும் நம்மவர்கள் எஸ்ரேற் கார்களை, அதாவது கூரை பின்வரை நீண்டு பெரிய டிக்கி உள்ளவற்றை, விரும்புவது இயல்பு. காலையில் மொத்தக் கடையில் இருந்து சாமான், பின்னேரம் பிள்ளையின் நடன வகுப்பு, கோடை விடுமுறையில் ஹீத்ரோவுக்கு ஆறு பெரிய பெட்டி. மூன்றாம் தலைமுறை ஒக்ராவியா எஸ்ரேற்றின் டிக்கி 610 லீற்றர், பின் இருக்கையை மடித்தால் 1,740. அதற்குள் கோல்ஃப் ஜி.ரி.ஐ என்ற வேகக் காரின் பெற்றோல் எஞ்சினோ வலுக்கூடிய டீசலோ இருப்பதுதான் வி.ஆர்.எஸ் என்ற வேக வகை. சுமையும் வேகமும் ஒரே காரில் சேர்ந்திருப்பதால் அதன் முன்வாழ்க்கையும் இரண்டு விதமாகக் கடினமாக இருந்திருக்கலாம். ஒருவர் பின்பக்கம் தாழத் தாழ அரிசி மூட்டை ஏற்றியிருப்பார், இன்னொருவர் கணினி மென்பொருளை மாற்றி எழுதி 300 குதிரைவலு எடுத்திருப்பார். இரண்டையும் ஒரே ஆள் செய்த கார்களும் சந்தையில் உண்டு.

பதிவு இலக்கம் கையில் கிடைத்ததும் அரசாங்கத்தின் எம்.ஓ.ரி (வருடாந்த வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றுப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லை. 2005 முதல் நடந்த சோதனைகள், ஒவ்வொரு தடவையும் இருந்த மைல் கணக்கு, தோல்வியடைந்த காரணம், எச்சரிக்கைக் குறிப்பு எல்லாம் வரும். பலர் மைல் கணக்கு ஏறிக்கொண்டே போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எச்சரிக்கைக் குறிப்புகளில்தான் முன்னைய உரிமையாளரின் குணம் தெரியும். "ரயர் தேய்ந்து எல்லையை நெருங்குகிறது" என்ற குறிப்பு மூன்று வருடம் தொடர்ந்து வந்தால், கட்டாயம் வந்தால் மட்டும் காசு செலவழிக்கும் ஒருவரின் கார் அது. அப்படிப்பட்டவர் எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நம்ப இடமில்லை. ரயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தது என்று எழுதியிருந்தால் சில்லின் கோணம் தவறியிருக்கிறது, அல்லது முன் சில்லைத் தாங்கும் விஷ்போன் கைகளின் ரப்பர்கள் கிழிந்திருக்கின்றன. பின் ஸ்பிரிங் முறிந்தது என்றிருந்தால் சுமை நினைவுக்கு வரட்டும், ஆனால் அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம். இங்கத்தைய குழிகளில் சுமையே ஏற்றாத கார்களின் ஸ்பிரிங்கும் முறிகிறது.

இரண்டு சோதனைகளுக்கு இடையில் பதினான்கு, பதினைந்து மாத இடைவெளி இருந்தால் அந்தக் காலத்தில் கார் எங்கே நின்றது என்று கேளுங்கள். எஞ்சின் உடைந்து திருத்தக் காசில்லாமல் நின்றிருக்கலாம், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்திருக்கலாம். பதிலுக்கு ஒரு பற்றுச்சீட்டு ஆதாரமாக வருகிறதா என்பதுதான் முக்கியம். புதிய காருக்கு முதல் மூன்று வருடம் எம்.ஓ.ரி தேவையில்லை, எனவே அந்தக் காலத்து மைல் கணக்கு இதில் இருக்காது. அந்த இடைவெளியைச் சேர்விஸ் பற்றுச்சீட்டுகளால்தான் நிரப்ப வேண்டும். கார் விபத்தில் அழிந்ததாகக் காப்புறுதி நிறுவனம் கணக்கு முடித்ததா, அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் எம்.ஓ.ரி வரலாறு சொல்லாது. அவற்றுக்குச் சில பவுண் கட்டித் தனியார் வரலாற்றுச் சோதனை ஒன்று செய்ய வேண்டும். 2017 ஒக்ரோபர் முதல், திருத்தி மீண்டும் தெருவுக்கு வரக்கூடிய விபத்துக் கார்களை எஸ், என் என்ற இரண்டு எழுத்துகளால் குறிக்கிறார்கள். எஸ் என்றால் உடற்கட்டமைப்பு அடிபட்டது, என் என்றால் கட்டமைப்புக்குச் சேதமில்லை. இரண்டுமே விலையைக் கணிசமாகக் குறைக்க வேண்டிய விடயம்.

"முழு சேர்விஸ் பதிவு" என்ற சொல்லை நான் பெரிதாக மதிப்பதில்லை. முத்திரையை யாரும் குத்தலாம். பற்றுச்சீட்டில் திகதி, மைல் கணக்கு, ஊற்றிய ஒயிலின் தரம் மூன்றும் இருக்க வேண்டும். வெறுமனே 5W-30 என்று எழுதியிருந்தால் போதாது, ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் தர இலக்கமும் வேண்டும். நீண்ட இடைவெளி சேர்விஸுக்கும் புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களுக்கும் அது 504 00, 507 00. மூன்றாம் தலைமுறைக் கார்களின் பதிவு பெரும்பாலும் முகவரின் கணினியில் இருக்கும், கேட்டால் அச்சிட்டுத் தருவார்கள். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிய காரையும் வருடா வருடம் மாற்றிய காரையும் ஒரே விலைக்கு வாங்க வேண்டாம். நிறுவனம் இரண்டையும் அனுமதித்தது உண்மைதான். ஆனால் ரேர்போ பெற்றோல் எஞ்சினுக்கு, அதிலும் ரைமிங் செயின் உள்ளதற்கு, 10,000 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றியதற்கான அத்தாட்சி பெரிய சொத்து.

இனி எஞ்சின். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வி.ஆர்.எஸ் என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நோய்களுடன் பல எஞ்சின்கள் வந்திருக்கின்றன.

இரண்டாம் தலைமுறையின் முதல் பாதியில், 2006-க்கும் 2008-க்கும் இடையில் வந்த பெற்றோல் கார்களில் இருப்பது ரி.எஃப்.எஸ்.ஐ என்ற 200 குதிரைவலு ரேர்போ எஞ்சின், எஞ்சின் குறியீடு பி.டபிள்யூ.ஏ. இதில் ரைமிங் பெல்ற், அதாவது எஞ்சினின் மேல்தண்டைக் கீழ்த்தண்டோடு ஒத்துச் சுழற்றும் பட்டி, இருக்கிறது. கடைசியாக எப்போது, எத்தனை மைலில் மாற்றினார்கள், கூடவே தண்ணீர் பம்பையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இந்த எஞ்சினுக்கே உரிய வியாதி வேறொன்று. உயர் அழுத்த எரிபொருள் பம்பை, வால்வுகளைத் திறக்கும் தண்டான காம்ஷாஃப்ற் நேரடியாக அமுக்குவதில்லை, நடுவில் காம் ஃபொலோவர் என்ற கிண்ண வடிவ உருக்குத் துண்டு நின்று தேய்கிறது. அதன் தலையில் உள்ள கறுப்புப் பூச்சு முதலில் போகும், பிறகு வெள்ளை இரும்பு தெரியும், பிறகு ஓட்டை விழும். ஓட்டை விழுந்த பிறகு பம்பின் தண்டு காமின் முனையைத் தின்னத் தொடங்கும். துண்டின் விலை சில பத்துப் பவுண். காமையும் பம்பையும் மாற்ற வேண்டி வந்தால் ஆயிரக் கணக்கு. சோதிப்பது கடினமில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் எரிபொருள் அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பம்பின் மூன்று போல்ற்றைக் கழற்றினால் ஃபொலோவர் கைக்கு வந்துவிடும். கறுப்புப் பூச்சு முழுதாக இருந்தால் திரும்பப் போடலாம். 20,000 மைலுக்கு ஒருமுறை பார்த்தவரின் கார் என்றால் அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும். இல்லாவிட்டால் வாங்கும் முன்பே பார்க்க அனுமதி கேளுங்கள். கடும் வேகத்தில் இழுக்கும்போது தடுமாறி, எரிபொருள் அழுத்தம் குறைவு என்ற பிழைக்குறி வந்தால் ஃபொலோவர்தான் முதல் சந்தேகம்.

2009 முகமாற்றத்தை ஒட்டி வந்த பெற்றோல் கார்களில் அதே 200 குதிரைவலு, ஆனால் எஞ்சின் வேறு. குறியீடு சி.சி.இசட்.ஏ. ஃபொலோவர் தொல்லை போய்விட்டது. பெல்ற்றுக்குப் பதிலாக ரைமிங் செயின் வந்தது, அதோடு இன்னும் பெரிய தொல்லை வந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் இயங்குகிறது. எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் இல்லை, ஒரு பல்லுப் பூட்டுத்தான் அதைத் தாங்குகிறது. ஆரம்ப வடிவங்களில் அந்தப் பூட்டு விட்டுக்கொடுத்துவிடும். தளர்ந்த செயின், ஸ்ராட் பண்ணும் கணத்தில் பல் தாண்டி, வால்வும் பிஸ்ரனும் மோதி, எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். முன்னறிவிப்பாகக் குளிர் எஞ்சினில் முதல் இரண்டு மூன்று செக்கன் செயின் கடகடக்கும், சில கார்களில் அதுவும் இருப்பதில்லை. திருத்திய வடிவ ரென்ஷனரும் புதிய செயினும் போட்டதற்கான பற்றுச்சீட்டு இருந்தால் அந்தக் காருக்குச் சில நூறு பவுண் கூடக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். கீழ்ப்பக்க மூடியில் உள்ள சிறு ரப்பர் அடைப்பைக் கழற்றி ரென்ஷனர் எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்று பார்க்கலாம். காம்ஷாஃப்ற், கிராங்ஷாஃப்ற் இரண்டுக்கும் இடையிலான கோண விலகலைக் கணினியிலும் படிக்கலாம்.

இதே எஞ்சின் ஒயிலும் குடிக்கும். பிஸ்ரனின் ஒயில் வளையங்களும் ஒயில் வடியும் துளைகளும் கரி பிடித்து அடைபடுவதுதான் காரணம். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் வரை நிறுவனம் இயல்பு என்று சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 மைல் என்றால் 16,000 கிலோமீற்றர், அதாவது எட்டு லீற்றர். எஞ்சினில் நிற்பதோ நாலரை லீற்றர் சொச்சம். அந்த "இயல்பு" உள்ள காரில் ஒயில் பார்க்காமல் ஒரு சேர்விஸில் இருந்து மறு சேர்விஸ் வரை ஓடினால் நடுவழியிலேயே எஞ்சின் காய்ந்துவிடும். டிக்கியில் பாதி ஒயில் போத்தல் கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். புகைக்குழாயைக் கைக்குட்டையால் துடைத்தால் உலர்ந்த கரி வந்தால் பரவாயில்லை, ஒயில் பிசுக்கு வந்தால் யோசியுங்கள். பிஸ்ரன் மாற்றுவது காரின் விலையில் பெரும் பங்கை விழுங்கும் வேலை.

டீசலில் 2006 முதல் 2008 வரையான 170 குதிரைவலு பி.டி வகை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எரிபொருள் பம்ப்), குறியீடு பி.எம்.என், எரிபொருளைப் பீச்சும் பீசோ இன்ஜெக்ரர்களால் பெயர் கெட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு இன்ஜெக்ரர் செயலிழந்து எஞ்சின் நின்றுவிடும். பின்னர் வந்த கொமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் பொது எரிபொருள் குழாய்) 170, குறியீடு சி.இ.ஜி.ஏ, நல்ல எஞ்சின். ஆனால் ஃபோக்ஸ்வாகனின் 2015 புகை மோசடி விவகாரத்தில் சிக்கிய ஈ.ஏ.189 குடும்பத்தைச் சேர்ந்தது. மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டதா, அதற்குப் பிறகு, புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர் வால்வை மாற்ற நேர்ந்ததா என்று கேட்க வேண்டும். லண்டன்காரருக்கு இந்த இரண்டு டீசலையும் நான் சிபார்சு செய்யவே மாட்டேன், காரணம் எஞ்சின் அல்ல. 2023 ஓகஸ்ற் 29 முதல் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளும் யூலெஸ் வலயம், அதாவது புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம். டீசல் யூரோ 6 என்ற புகைத் தரமாக இருக்க வேண்டும், பெற்றோலுக்கு யூரோ 4 போதும். தவறினால் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். கடைக்காரர் வருடத்தில் 300 நாள் ஓடினால் 3,750 பவுண். மலிவாகக் கிடைத்த டீசல் ஒரே வருடத்தில் மலிவில்லாமல் போய்விடும். 2015 செப்ரெம்பருக்கு முன் பதிவான மூன்றாம் தலைமுறை 184 குதிரைவலு டீசலையும் யூரோ 6 என்று எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் பதிவு இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். இதற்கும் அந்த இலக்கம்தான் வேண்டும்.

என் கணிப்பில், பட்ஜெட் இடம் கொடுத்தால் 2013-க்குப் பிந்திய மூன்றாம் தலைமுறைப் பெற்றோல்தான் நிம்மதி. 220, பிறகு 230, பிறகு 245 குதிரைவலு. செயினும் ஒயில் குடிப்பும் பெருமளவு தீர்ந்த எஞ்சின் இது. பலவீனம் தண்ணீர் பம்பும் தேர்மோஸ்ராட்டும் சேர்ந்த பிளாஸ்ரிக் தொகுதி. அது வெடித்து அல்லது சீல் கசிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் மெல்ல மெல்லக் குறையும். எஞ்சினுக்குள் காற்றுப் போகும் இன்லெற் மனிஃபோல்டுக்குக் கீழே இருப்பதால் வெளியே சொட்டாது. காய்ந்த இளஞ்சிவப்புப் படிவம் மட்டும் தெரியும், இனிப்பு வாடை வரும். "கொஞ்சம் கூலன்ற் ஊற்றினால் சரி" என்று விற்பவர் சொன்னால் பல நூறு பவுண் திருத்தச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் நல்லது. 230-இலும் 245-இலும் முன் சில்லுகளுக்கு இடையே இழுவையைப் பங்கிடும் மின்கட்டுப்பாட்டு டிஃபரென்ஷியல் உண்டு. அதற்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தனி ஒயில் மாற்ற வேண்டும், சாதாரண கராஜ்கள் இதை மறந்துவிடுகின்றன. நாலு சில்லு இழுக்கும் டீசலில், பின் சில்லுகளுக்கு வலுவைக் கொடுக்கும் ஹால்டெக்ஸ் தொகுதியின் ஒயிலை மாற்றினால் மட்டும் போதாது, பம்பின் சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். அட்டவணையில் அது இல்லாததால் பலர் செய்வதில்லை. சல்லடை அடைத்தால் பம்ப் எரிந்து, கார் சத்தமில்லாமல் முன்சில்லு வண்டியாகிவிடும். ஈரப் புல்லில் வேகமாகப் புறப்பட்டு முன்சில்லு மட்டும் சுழல்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தானாகக் கியர் மாறும், இரண்டு கிளச் உள்ள டி.எஸ்.ஜி கியர்பொக்ஸ் என்றவுடன் பயப்படுபவர்கள் உண்டு. அந்தக் கெட்ட பெயரில் பெரும் பங்கு ஏழு கியர் உலர் கிளச் வகையுடையது. வி.ஆர்.எஸ்-இல் அது இல்லை, இருப்பது ஒயிலில் நனையும் கிளச். ஆறு கியர் வகைக்கு 40,000 மைலுக்கு ஒருமுறை ஏறக்குறைய ஐந்து லீற்றர் ஒயிலும் வடிகட்டியும் மாற்ற வேண்டும். 90,000 மைல் ஓடிய காரில் அதற்கு இரண்டு பற்றுச்சீட்டு இல்லை என்றால் விலகுங்கள். ஓட்டிப் பார்க்கையில் ஏற்றத்தில் நடை வேகத்தில் ஊர்ந்து பாருங்கள், ரிவேர்சிலும் பாருங்கள். நடுங்கினாலோ, நிற்கப் போகும்போது இரண்டில் இருந்து ஒன்றுக்கு உதைத்தாலோ சரியில்லை. கை கியர் என்றால் நாலாவது கியரில் 2,000 சுழற்சியில் இருந்து முழு மிதி. சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. சும்மா நிற்கும்போது கியர்பொக்ஸ் பக்கம் கல் உருளுகிற சத்தம் கேட்டு, கிளச்சை மிதித்தால் மாறினால், எஞ்சின் அதிர்வை அடக்கும் இரட்டை ஃபிளைவீலும் கெட்டுக்கொண்டிருக்கிறது.

வழுக்கும் கிளச் பெரும்பாலும் ரீமாப்பின், அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்றி எழுதியதன், அடையாளம். மென்பொருளை மட்டும் மாற்றி 220-ஐ 300-க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம், எஞ்சின் தாங்கும், கிளச் தாங்காது. மென்பொருளைத் திரும்ப மாற்றிவிட்டு விற்பவரும் உண்டு, அப்போதும் முகவரின் கணினி அதைக் கண்டுபிடிக்கக்கூடும். நாலு சில்லில் நாலு விதமான மலிவு ரயர், நிறுவனத்தினுடையது அல்லாத காற்று வடிகட்டிப் பெட்டி, இரைச்சலான புகைக்குழாய் இவை வெளி அடையாளங்கள். டீசலில் புகை வடிகட்டியை வெட்டி எடுத்திருந்தால் 2014 பெப்ரவரி முதல் அது எம்.ஓ.ரியில் தோல்வி. ரீமாப் இருப்பதை அறியாமல் வாங்கி, காப்புறுதிக்குச் சொல்லாமல் ஓட்டினால், விபத்து நாளில் நிறுவனம் கைவிரிக்க இடம் கொடுத்ததாகும். ஆகவே மாற்றம் எதுவும் செய்யவில்லை என்று விற்பவரிடம் எழுத்தில், குறுஞ்செய்தியிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாளில், நான் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றைத் தொடுங்கள். சூடாக இருந்தால் காலையில் எழுப்பி ஏதோ ஒரு சத்தத்தை அடக்கிவிட்டு வைத்திருக்கிறார், இன்னொரு நாள் வாருங்கள். முதலில் பிழைக்குறி படிக்கும் சாதனத்தைப் பொருத்துங்கள். குறி ஒன்றும் இல்லை என்பது மட்டும் நல்ல செய்தி ஆகாது. உள்சோதனைகள் "முடிவடையவில்லை" என்று காட்டினால் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள். எஞ்சின் சூடானதும் ஹீற்றரை இரண்டு பக்கமும் உச்சத்தில் விடுங்கள். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் வந்தால் ஹீற்றரின் உட்குழாய்கள் அடைத்துவிட்டன. கூலன்ற் தொட்டிக்குள் இருக்கும் சிலிக்கா பொதி கிழிந்து மணல் எல்லா இடமும் ஓடுவது இந்தக் குடும்பத்துக் கார்களில் வழக்கம். டாஷ்போர்டுக்குள் கை வைக்கும் வேலை, மலிவில்லை.

எஸ்ரேற் என்பதால் பின்பக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். டிக்கித் தரையைத் தூக்கி உதிரிச் சில்லுக் குழியில் கை வையுங்கள். ஈரமிருந்தால் பின் கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் கழன்றிருக்கலாம், விளக்கின் சீல் போயிருக்கலாம். பெரிய கண்ணாடிக் கூரை உள்ள மூன்றாம் தலைமுறைக் காரில் முன் தூண்களின் துணியில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். வடிகால் அடைபட்டதா, சட்டகமே வெடித்ததா என்பது பிறகுதான் தெரியும், வெடித்திருந்தால் பெரிய செலவு. இரண்டாம் தலைமுறையில் கதவுக்குள் இருக்கும் சீல் உரிந்து கால்வைக்கும் இடத்துக் கம்பளம் நனையும். இழுவைக் கொக்கி பூட்டிய தடம் இருந்தால் எதை இழுத்தார் என்று கேளுங்கள். சில்லுத் திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டுக்கான சாவி டிக்கியில் இல்லாவிட்டால் ரயர் ஓட்டையாகும் அன்று சில்லைக் கழற்ற முடியாமல் நிற்பீர்கள்.

மூன்றாம் தலைமுறைப் பெற்றோலின் அதே எஞ்சின் குடும்பமும் அதே வியாதிகளும் சீற் லியோன் குப்ரா எஸ்.ரி, கோல்ஃப் ஆர் எஸ்ரேற் இரண்டிலும் உண்டு, அந்த எஞ்சினைப் பற்றி மேலே சொன்னது அவற்றுக்கும் பொருந்தும். கிட்டத்தட்ட அதே காசுக்கு 2006 முதல் 2008 வரையான அவுடி ஆர்.எஸ்.4 அவான்ற் கண்ணில் பட்டு மனம் சலனப்படும். அந்த 4.2 லீற்றர் வி8 அற்புதமான எஞ்சின், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்வுகளில் கரி படியும், காரின் சாய்வைக் குறைக்கும் டி.ஆர்.சி அதிர்வுத் தாங்கிகள் கசியும், அவற்றைத் திருத்துவது புதிய கார் வைத்திருப்பவரின் செலவு. அக்காலத்து எஸ்.4-இல் செயின்கள் கியர்பொக்ஸ் பக்கம் இருப்பதால் எஞ்சினையே இறக்க வேண்டும். யானையை வாங்க முடிந்தவருக்கும் தீனி போட முடியாமல் போகலாம்.

வாங்க முடிவெடுத்தால், பதிவுப் புத்தகத்தில் உள்ள முகவரியிலேயே காரைப் பாருங்கள். முன் கண்ணாடியின் கீழ் உள்ள அடிச்சட்ட இலக்கம் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பதிவுப் புத்தகம் சொந்தக்காரர் யார் என்பதற்கு அத்தாட்சி அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தனியாரிடம் வாங்கினால் அவர் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் உங்களுக்கு அதிக உரிமை கிடையாது. வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உண்டு. முதல் 30 நாளுக்குள் வாங்கும்போதே இருந்த கோளாறு என்று காட்டினால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அதன் பிறகு ஆறு மாதம் வரை ஒரு தடவை திருத்த இடம் கொடுக்க வேண்டும், கோளாறு முன்பு இருக்கவில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வீட்டு வாசலில் நின்று தனியார் போல விற்கும் வியாபாரிகள் தப்பிக்கப் பார்ப்பது இந்தச் சட்டத்திடம் இருந்துதான். ஒரே தொலைபேசி இலக்கத்தில் உங்கள் பத்திரிகையில் நாலு கார் விளம்பரம் வந்தால் அது யார் என்று ஊகிக்கலாம். வியாபாரிக்கு விலையில் ஒரு சிறு பங்கையாவது கடனட்டையில் கொடுத்தால், 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான விலைக்கு அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டி வரும்.

திருப்பிக் கொடுப்பதென்றால் எழுத்தில் சொல்லுங்கள். "அடுத்த கிழமை கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்ற தொலைபேசிப் பேச்சில் முப்பது நாளும் கரைந்துவிடும். திருத்தித் தர நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், கார் அவரிடம் நிற்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. கார் திரும்பக் கையில் வந்த பிறகு குறைந்தது ஏழு நாளாவது உங்களுக்கு மிச்சம் இருக்கும்.

இப்படிக்கு,
வாகனத் திருத்தத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
ஹரோ, லண்டன்